கொழுந்து மலைக்குக் கூட்டிப்போன முப்பத்து நான்கு பிள்ளைகள்

அடுத்த தவணையிலோ அதற்கடுத்த தவணையிலோ நீங்களும் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு களப்பயணம் போகத்தான் போகிறீர்கள். அனுமதிக் கடிதம், முதலுதவிப் பெட்டி, சாப்பாட்டுப் பார்சல், அட்டை ஏறாமல் காலில் பூசச் சவர்க்காரம் என்று எல்லாவற்றையும் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அவற்றைப் பற்றிப் பேச நான் வரவில்லை. பதுளை நகரத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ முறை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போயிருக்கிறேன். அதில் ஒரு பயணத்தை மட்டும் சொல்கிறேன். அதில் நடந்த பிழை என்னுடையது. அதை இவ்வளவு காலமும் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைவிட மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். "பஸ்ஸில ஏறேக்க எண்ணு, இறங்கேக்க எண்ணு, சாப்பிட்டு எழும்பேக்க எண்ணு. எண்ணிக்கை சரியெண்டால் நீ சரி" என்பார். அப்படியே செய்தேன். ஒரு பிள்ளையையும் எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை என்பது எனக்குப் பெரிய பெருமை.

தரம் ஒன்பதில் பெருந்தோட்ட வரலாறு வருகிறது. கோப்பி, தேயிலை, தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த மக்கள், புகையிரதப் பாதை என்று புத்தகத்தில் சில பக்கங்கள். எங்கள் வகுப்பில் கடைக்காரர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். கந்தோர் உத்தியோகத்தர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். பலர் ஜன்னலால் தினமும் மலையைப் பார்ப்பார்கள், ஆனால் ஒரு தேயிலைச் செடியைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு தோட்டத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன். பெற்றோர் கையெழுத்து வாங்கியாயிற்று. புறப்படுவதற்கு முதல் நாள் அந்தத் தோட்டத்துப் பாதையில் மண் சரிந்துவிட்டது. ஏற்பாட்டைக் கைவிட மனமில்லாமல், ஹாலிஎலக்கு மேலே உள்ள இன்னொரு தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்து அனுமதி கேட்டேன். சரி என்றார்கள். பின்னேரம் வகுப்பில் போய், "வேற தோட்டம், அதே நேரம்" என்று பெயரைச் சொன்னேன். பிள்ளைகள் கத்திக் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை தர்ஷிகா என்னிடம் வந்தாள். வகுப்பில் மிக நல்ல வரலாற்றுக் குறிப்பு எழுதுபவள் அவள்தான். அதிகம் பேசமாட்டாள். பதுளையில் சித்தி வீட்டில் தங்கிப் படிப்பதும், அப்பா இல்லை என்பதும், அம்மா வெளியூரில் இருப்பதும் எனக்குத் தெரியும். எந்த வெளியூர் என்று நான் கேட்டதில்லை.

"டீச்சர், நான் வரல. வயிறு வலிக்குது."

நான் பெயர்ப் பட்டியலில் அடையாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பஸ்ஸில ஏறும் பிள்ளை. போற வழியில சரியாகீடும்."

"இல்ல டீச்சர், நெசமாவே முடியல."

"கள்ளம் விடாதேயும். அங்க போய் நன்றியுரை சொல்லப் போறது நீர்தான். ஏறும்."

அவள் ஏறினாள். முப்பத்து நான்கு. எண்ணிக்கை சரியாக இருந்தது. பஸ் புறப்பட்டது.

தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு, கொழுந்து எடுக்கும் மலைக்கு நடந்தோம். என்னோடு இளம் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி எங்களைக் கூட்டிப்போனார். ஐம்பது வயது இருக்கும். மரியாதையான மனிதர். மலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நிரையில் நின்றார்கள். இடுப்பில் படங்கு, அதாவது செடி கீறாமல் சுற்றிக்கொள்ளும் தடித்த துணி. தலையிலிருந்து கயிற்றில் தொங்கும் கூடை. கை மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்திருந்தேன். நானே தயாரித்தது. "போய்க் கேளுங்கோ, பதிலை எழுதுங்கோ" என்றேன். கொப்பியும் பேனையுமாக அந்தப் பெண்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், மழையில் என்ன செய்வீர்கள். கங்காணி நிற்பதால் அவர்கள் கொழுந்து எடுப்பதையும் நிறுத்த முடியாது, நாங்கள் நிற்பதால் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியாது. இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. மிக நல்ல களப்பயணம் நடக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

ரிஸ்வான் என்று ஒரு மாணவன். தகப்பனுக்கு பசாரில் துணிக்கடை. ஒழுங்கான பிள்ளை. நிரையின் கடைசியில் நின்ற ஒரு பெண்ணிடம் கேள்வித்தாளில் இருந்தபடியே கேட்டான்.

"உங்கட புள்ளைங்க என்ன படிக்கிறாங்க?"

அந்தப் பெண் கொழுந்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குப் புள்ள இல்ல, தம்பி."

பக்கத்தில் நின்ற பெண்ணின் கை சட்டென்று நின்றது. அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். தர்ஷிகா சற்றுத் தள்ளிக் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தாள். இவை எல்லாவற்றையும் நான் கண்டேன். கண்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், பிள்ளை இல்லாத பெண்ணிடம் இப்படிக் கேட்டுவிட்டோமே என்று மட்டும் நினைத்தேன். ரிஸ்வான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எழுதும், பரவாயில்லை" என்றேன்.

அவன் எழுதினான்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மலை விளிம்பில் உயரமான ஒரு யூக்கலிப்டஸ் மரம் நின்றது. அதில் இருந்த குளவிக் கூட்டைப் பருந்து கொத்திவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்குக் கேட்டது ஒரு பெண்ணின் குரல் மட்டும்தான்.

"குளவி! குளவி!"

என் வாயில் வந்தது, "பஸ்ஸுக்கு ஓடுங்கோ!" பாதி சொல்வதற்குள் கங்காணி என் குரலுக்கு மேலே கத்தினார்.

"ஓடாதீங்க! ஒருத்தரும் ஓடாதீங்க! செடிக்கு அடியில படுங்க! மூஞ்சிய மூடுங்க!"

ஒரு கணம் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பொறுப்பு நான். ஆனால் அந்த மலையை அறிந்தவர் அவர். இரண்டு பேர் இரண்டு விதமாகக் கத்தினால் பாதிப் பிள்ளைகள் ஓடும், பாதிப் பிள்ளைகள் நிற்கும். நான் சொன்னதை நானே விழுங்கினேன்.

"கங்காணி சொல்லுறதைக் கேளுங்கோ! படுங்கோ!"

படுத்தோம். தேயிலை நிரைகளுக்கு நடுவே ஈர மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பையால் தலையை மூடிக்கொண்டு. மேலே இரைச்சல். யாரோ ஒரு பிள்ளை அழும் சத்தம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. இரைச்சல் மெல்ல மேல் பக்கம், பெண்கள் நின்ற பக்கம், நகர்ந்தது. கங்காணி ஊர்ந்து வந்தார்.

"டீச்சர், இப்பக் கீழ எறங்குங்க. கைய வீசாம, சத்தம் போடாம."

விஞ்ஞான ஆசிரியர் முன்னால் போனார். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக பஸ்ஸுக்கு இறங்கினார்கள். இரண்டு பேருக்குக் கையில் கொட்டியிருந்தது, அவ்வளவுதான். பஸ் வாசலில் நின்று எண்ணினேன். முப்பத்து மூன்று. திரும்ப எண்ணினேன். முப்பத்து மூன்று.

பஸ் கதவை மூடச் சொல்லிவிட்டு நான் திரும்ப மலையில் ஏறினேன். கங்காணி, "நீங்க வராதீங்க, நான் பாக்குறேன்" என்றார். கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் தலையைச் சுற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். குளவிகள் இன்னும் அங்கங்கே பறந்துகொண்டிருந்தன. நிரையின் கடைசியில், இரண்டு செடிகளுக்கு நடுவில், மஞ்சள் படங்கு ஒன்று தெரிந்தது. அதன் மேல் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். படங்குக்கு வெளியே எங்கள் பாடசாலைச் சப்பாத்து இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளை இல்லை என்று சொன்ன அதே பெண். தன் படங்கை அவிழ்த்துத் தர்ஷிகாவை மூடிவிட்டு, அதற்கு மேலே தான் கிடந்தாள். அவளை மூட ஒன்றும் இருக்கவில்லை. கழுத்திலும் கையிலும் தலைமயிருக்குள்ளும் குளவிகள். கங்காணி சாக்கால் அவற்றைத் தட்டினார். ஒரு கண் அப்போதே வீங்கி மூடியிருந்தது.

நான் மண்டியிட்டு அவள் தோளைப் பிடித்தேன்.

"அம்மா, பெரிய உதவி செய்தனீங்கள். என்ர பிள்ளையைக் காப்பாத்திப்போட்டீங்கள்."

படங்குக்குள்ளிருந்து தர்ஷிகா எழுந்தாள். அவளுக்கு ஒரு கொட்டுக்கூட இல்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"டீச்சர், இது எங்க அம்மா."

யோசிக்க நேரம் இருக்கவில்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. கங்காணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், காலைத் தர்ஷிகா பிடிக்க, கீழே தூக்கி வந்தோம். வேறு மூன்று பெண்களுக்கும் பலமாகக் கொட்டியிருந்தது. அவர்களை மற்றப் பெண்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.

பாதையில் வந்ததும் கங்காணி சொன்னார்: "தோட்டத்து லொறி டவுனுக்குப் போயிருக்கு. வர ரெண்டு மணியாகும். மேல டிஸ்பென்சரி இருக்கு, ஆனா இன்னைக்கு மருந்து குடுக்குற அய்யா வந்தாரோ என்னமோ தெரியல."

அதே நேரம் அதிபர் தொலைபேசியில் வந்தார். யாரோ ஒரு பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறது, வீட்டுக்காரர்கள் அவருக்கு எடுத்திருக்கிறார்கள்.

"டீச்சர், முதல்ல பிள்ளைகளைக் கொண்டுவாங்க. தோட்டத்து ஆட்களை தோட்டம் பாத்துக்கொள்ளும். பஸ் பிள்ளைகளுக்கு எடுத்தது."

அவர் கெட்டவர் அல்ல. அவர் மேசையில் இருந்து பார்த்தால் அதுதான் சரி. முப்பத்து நான்கு பெற்றோருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். நானும் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் நின்றது அந்தப் பாதையில். என் கையில் ஒரு பெண்ணின் தலை இருந்தது. டிஸ்பென்சரிக்கு ஏறி, அங்கே ஆள் இல்லாவிட்டால் திரும்பி இறங்குவதற்கு அரை மணித்தியாலம் போய்விடும். நேரே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் ஐம்பது நிமிடம். அவ்வளவு நேரம் அவள் தாங்குவாளா என்பதும் தெரியாது.

"சேர், நான் எல்லாரையும் ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாறன்" என்று சொல்லி, அவர் பதிலைக் கேட்காமல் தொலைபேசியை வைத்தேன். பஸ் டிரைவர், வயதான மனிதர், ஏற்கெனவே பின் சீட்டில் இருந்த பைகளை அள்ளி வெளியே எறிந்துகொண்டிருந்தார்.

"ஏத்துங்க டீச்சர். கேக்கிறவங்களுக்குப் பொறகு சொல்லலாம்."

பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து முன்னால் நெருங்கிக்கொண்டார்கள். ஒரு சீட்டில் நான்கு பேர். தர்ஷிகா தரையில் இருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண மூடாதம்மா. அம்மா, என்னையப் பாரு. கண்ண மூடாத."

வளைவுக்கு வளைவு அந்தக் குரல் மட்டும்தான் பஸ்ஸில் கேட்டது. முப்பத்து மூன்று பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரிஸ்வான் முன் சீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நின்றான். ஹாலிஎல தாண்டும்போது அந்தப் பெண் என் சேலையை இழுத்தாள். குனிந்தேன். நாக்கு வீங்கியிருந்ததால் சொல் தெளிவாக வரவில்லை.

"டீச்சர்... அவளுக்கு ஏசாதீங்க. பொய் சொன்னது நான்தான். அவ ஒண்ணும் சொல்லல."

அவள் பிழைத்தாள். மற்ற மூவரும் பிழைத்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் அன்றே வீடு போனார்கள். சில பெற்றோர் வந்து நன்றி சொன்னார்கள், சிலர் வந்து சத்தம் போட்டார்கள். அனுமதி இல்லாமல் வெளியாட்களைப் பாடசாலை பஸ்ஸில் ஏற்றியதற்கும், அனுமதித்த இடத்தை மாற்றியதற்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. முதலாவதற்கு, திரும்பவும் அப்படித்தான் செய்வேன் என்று எழுதினேன். இரண்டாவதற்கு, பிழை என்னுடையது என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். தர்ஷிகா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே விறாந்தைக்குக் கூட்டிப்போய், மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாணவியிடம் மன்னிப்புக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"தோட்டத்துப் பேரைக் கேட்டோடனயே எனக்கு வந்து சொல்லியிருக்கலாமே, பிள்ளை. நான் உம்மை விட்டிட்டுப் போயிருப்பனே."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொல்லத்தான் வந்தேன் டீச்சர். நீங்க என்னையப் பாக்கவே இல்ல. லிஸ்ட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னாள்.

"அம்மாவ நான் தூரத்திலேயே கண்டுட்டேன். அவங்களும் என்னையக் கண்டுட்டாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அதப் பாத்துட்டுத்தான் புள்ள இல்லைன்னு சொன்னாங்க. கூட்டாளிங்க முன்னால எனக்கு வெக்கமாயிரும்னு." அவள் குரல் உடையவில்லை. அது உடைந்திருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. "குளவி வந்தப்ப நான் அவங்ககிட்ட ஓடல டீச்சர். அவங்கதான் ஓடி வந்தாங்க."

உமக்குப் பயம், அதனால்தான், என்று ஏதோ சொன்னேன். அவள் தலையாட்டினாள், என்னைச் சமாதானப்படுத்துவதற்காக.

அன்று பின்னேரம் ரிஸ்வான் தன் உம்மாவோடு வந்தான். உம்மா சூப் போத்தலும் பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தார். அந்த இரண்டு தாய்மாரும் நெடுநேரம் மருந்து பற்றியும், ஆஸ்பத்திரிச் சோறு பற்றியும், தூக்கம் வராதது பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். போகும்போது ரிஸ்வான் தர்ஷிகாவிடம், "கணிதம் நோட்ஸ் எழுதி வச்சிருக்கேன்" என்றான். அவள், "சரி" என்றாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு அவள் பாடசாலைக்குத் திரும்பி வந்தாள். அதே வாங்கில், பழைய இடத்திலேயே, இருந்தாள். வகுப்பில் ஒருவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அது அன்பினாலா, கூச்சத்தாலா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவது. சில பிள்ளைகள் அவளிடமிருந்து மெல்ல விலகினார்கள். சிலர் அளவுக்கு மீறி இரக்கப்பட்டார்கள். அவளுக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தவணை முடிவில் பெற்றோர் கூட்டம். அதுவரை தர்ஷிகாவுக்குச் சித்திதான் வருவார். அன்று அம்மா வந்தாள். நீலச் சேலை, தலையில் பூ. இடது கண்ணிமை முழுதாகத் திறக்கவில்லை. அது பிறகும் அப்படியே நின்றுவிட்டது. முன் வரிசையில் வந்து இருந்தாள். அவள் முறை வந்ததும் நான் எழுந்து நின்றேன். அவள் முன்னேற்ற அறிக்கையை வாங்கி, ஒவ்வொரு பாடமாக விரலை வைத்துப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். பிறகு எழும்பாமல் இருந்தாள்.

"டீச்சர், புள்ளைங்கள மறுபடியும் மலைக்குக் கூட்டிட்டு வருவீங்களா?"

"தெரியாது அம்மா. எனக்கு இனி அந்தத் துணிவு இல்லை."

"வாங்க" என்றாள். "டவுன் புள்ளைங்க வந்து பாக்கணும். ஆனா நாங்க கொழுந்து எடுக்குற நேரத்துல வராதீங்க. அந்த நேரம் எங்களுக்கு நிமிந்து பாக்கவும் ஏலாது, வாய்விட்டுச் சொல்லவும் ஏலாது. ஞாயித்துக்கெழம பின்னேரம் வாங்க. குளிச்சி, உடுப்பு மாத்தி, தேத்தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருப்போம். வாறவங்களுக்கும் ஊத்தித் தருவோம். அப்பக் கேளுங்க, என்ன வேணும்னாலும்."

அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வருடம் அவள் சொன்னபடியே போனேன். அதற்கு ஒரு கிழமை முன்பு தனியாகப் போய், யார் யாருக்குப் பேச விருப்பம் என்று கேட்டு வந்தேன். தர்ஷிகாவிடம் கேட்டேன். வரவில்லை என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேள்வித்தாள் எதுவும் கொண்டுபோகவில்லை. அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பாய் விரித்து, புதிய பிள்ளைகளை இருத்தி, இஞ்சி போட்ட தேத்தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளைகள் கொப்பியைத் திறந்துகொண்டு தயாரானார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா, எதிரே கதிரையில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, முன்னால் இருந்த பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்.

"மொதல்ல நீ சொல்லு, தங்கச்சி. ஒங்க அம்மா பேரென்ன? காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பாங்க?"

அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு, நெடுநேரம் யோசித்தாள்.